மீட்டர் பார்க்கிறவன்

ஒன்பது வருடம், அதே பதினொரு பேர்.
கொஞ்சம் மிகைதான். ஹெல்மரின் முழங்கால் போனபோது
டென்மார்க்கிலிருந்து ஒருவன் சம்பளத்துக்கு வந்தான்,
இந்தத் தீவின் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று
மூன்றாம் மாதமே கப்பலேறினான்.
மற்றபடி அதே ஆட்கள், அதே அலமாரிகள்,
த்ரோந்தூரின் அதே கிழிந்த காலுறை.

யாரை எப்போது மாற்றுவது என்று கேட்கிறார்கள்.
நானும் முதலில் முழங்கால்களைத்தான் பார்த்தேன்.
கடிகாரம் வைத்து ஓடவிட்டேன்.
ஒன்றும் பிடிபடவில்லை.
ஒரு மாலை, தூறலில், கோட்டோரம் நிற்கையில்
காதில் விழுந்தது:
காற்று, கடல், வேலிக்கு அப்பால் ஒரு ஆடு.
எங்கள் பையன்கள் யாரும் கத்தவில்லை.

முன்பு தொண்டை கிழியக் கத்துவார்கள்.
இப்போது எய்தூன் திரும்பிப் பாராமல் இடப்பக்கம் தள்ளுவான்,
அங்கே பார்தூர் இருப்பான்.
இருப்பான் என்பதால் தள்ளுவான்,
தள்ளுவான் என்பதால் இருப்பான்.
பார்தூர் அரையடி பிந்தத் தொடங்கினான்.
எய்தூன் பந்தை அரையடி மெதுவாக்கினான்.
அந்த மெதுவுக்கு த்ரோந்தூர் ஒரு மூச்சு காத்திருந்தான்.
ஒருவர் நரைக்கு ஒருவர்
சாயம் பூசிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட அன்பை நான் பார்த்ததில்லை.
பக்கத்துத் தீவின் பத்தொன்பது வயதுக்காரன் ஒருவனும்
பார்த்துவிட்டான்.
அந்த ஒரு மூச்சுக்குள் புகுந்து பந்தை எடுத்துப் போனான்,
திறந்த வீட்டில் குடை எடுப்பதுபோல.

அப்படியும் கடைசி ஆட்டத்தை இரண்டுக்கு ஒன்றென வென்றோம்.
படகுக் கொட்டகையில் விடியும்வரை பாட்டு.
வியாழக்கிழமை நான்கு பேரைத் தனித்தனியே கூப்பிட்டேன்.
வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடை சுன்வா
நேற்றைய ரொட்டியை இன்றைய விலைக்குக் கொடுத்தாள்.

பெரிய நகரத்துப் பயிற்சியாளர்களுக்குப் பின்வாசல் உண்டு,
கறுப்புக் கண்ணாடிக் கார் உண்டு.
நான் பகலில் மின்சார அலுவலக ஆள்.
வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவன்.

டிசம்பரில் எய்தூன் வீடு.
மீட்டர் நிலவறையில். விளக்கு ஒருவாரமாக எரியவில்லையாம்.
அவனே டார்ச் பிடித்தான்.
நான் எண்களைக் குனிந்து படித்துக்கொண்டிருக்கையில்
முதுகுக்குப் பின்னால் கேட்டான்:
"ஜெயித்த வாரத்திலா சொல்லணும்?"

தோற்ற வாரத்தில் சொல்லியிருந்தால்
அது உன் தலையில் பழியாக ஏறியிருக்கும் என்றேன்.
"ஏறட்டுமே" என்றான்.
"பழியென்றால் சண்டையாவது போட்டிருப்பேன்."
வெளிச்சம் ஆடியது.
கடைசி இலக்கத்தை மூன்றா எட்டா என்று
இரண்டுமுறை பார்க்கவேண்டியிருந்தது.
மூன்று என்றே எழுதினேன். சரியா தெரியாது.

மார்ச்சில் நான்கு புதியவர்கள்.
முதல் ஆட்டம் பூஜ்யத்துக்கு மூன்று.
ஒருவன் பெயரைச் சொல்லி இன்னொருவனைக் கூப்பிட்டார்கள்,
இல்லாத இடத்துக்கெல்லாம் பந்து போனது,
ஒருவன் தன் கோல்கீப்பர்மீதே மோதி விழுந்தான்.
கத்தினார்கள். அப்பா, என்ன கத்தல்.
மலைமேல் ஆடுகள் தலைதூக்கிப் பார்த்தன.

எங்கள் மைதானத்தில் கோலுக்குப் பின்னால் கடல்.
விழுகிற பந்தை எடுக்க ஒரு சிறு படகு.
அன்று துடுப்புப் போட்டவன் எய்தூன்.
நான் கேட்கவில்லை, அவனாக வந்திருந்தான்.
எழுபதாவது நிமிடம் பந்தை அள்ளி,
படகிலேயே எழுந்து நின்று,
பாராமல் இடப்பக்கம் எறிந்தான்.

அங்கே யாருமில்லை.
பந்து வேலியில் பட்டுத் தெறித்தது.
பத்தடி தள்ளி நின்ற புதுப் பையன்
கையை விரித்து, தொண்டை கிழிய:
"பார்த்துப் போடுய்யா!"

ஒன்பது வருடத்தில்
அவனைப் பார்த்து ஒருவரும் அப்படிக் கத்தியதில்லை.
படகு ஆடிக்கொண்டிருந்தது.
உட்காராமல் நின்றான், வெகுநேரம்,
அடுத்த பந்துக்காக.